கல்லூரிக்குப் போன சீரகத் தண்ணீர்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நான்கு பேர் நான் பெற்றவர்கள். ஐந்தாவது என் கடைசி மகனின் மனைவி. தாயில்லாமல் வந்தவள், வந்த நாளிலிருந்து அவளையும் சேர்த்துத்தான் ஐந்து என்று சொல்லிக்கொள்கிறேன். அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்து மெதுவாகத்தான் வரும். வரட்டும். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, இனி என்ன அவசரம்.

மருமகள் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். கல்யாணத்துக்கு முன்பே பி.எஸ்சி. முடித்தவள். பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், மேலே படிக்கிறேன் என்றாள். சுற்றுச்சூழல் அறிவியல், எம்.எஸ்சி. கோயம்புத்தூருக்குப் பஸ்ஸில் போய்வர வேண்டும். மரம் நடுவதற்கெல்லாமா பட்டம் கொடுக்கிறார்கள் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். ஒரு சீர் விசேஷத்தில் வைத்து என் நாத்தனார் எல்லார் காதிலும் விழும்படி, மருமகளைப் படிக்க அனுப்பிவிட்டு மாமியார் சோறாக்குகிறாளாம் என்றார். ஆமாங்க, நல்லாவே ஆக்குவேன், ஒரு நாளைக்கு வந்து சாப்பிட்டுப் பாருங்க என்றேன். இன்றுவரை வரவில்லை.

என் மகன் கட்டிங் மாஸ்டர். படிக்கட்டும் என்று அவனும் ஒத்துக்கொண்டான். ஆனால் இரண்டு வருஷம்தான், அதற்கு மேல் என்னால் தனியாக இழுக்க முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டான். அவன் சொன்னதிலும் குற்றமில்லை. ஆகவே இரண்டாவது வருஷக் கடைசியில் அவள் செய்ய வேண்டியிருந்த புராஜெக்ட் நின்றால் படிப்பும் நின்றுபோகும். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

சாயத்தண்ணீர் ஓடிய நொய்யல் ஆற்றோரத்து ஊர்களில் நிலத்தடித் தண்ணீர் இப்போது எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட வேலை. அந்தப் பக்கம் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். பாத்திரம் கழுவ, துணி துவைக்க அது. குடிப்பதற்குச் சில நாளுக்கு ஒருமுறை குழாயில் வரும் நல்ல தண்ணீரைக் குடங்களில் பிடித்து மூடி வைத்திருப்பார்கள். மருமகளுக்கு வேண்டியது போர் தண்ணீர். அந்த ஊர்களில் வீட்டுப் பெண்கள் எல்லாம் காலையில் மோட்டார் போட்டுவிட்டுக் கம்பெனி வண்டி ஏறுகிறவர்கள். அந்த நேரத்துக்கு இவளும் கோயம்புத்தூர் பஸ்ஸில் இருப்பாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய் வெள்ளைப் பாட்டில்களைக் கொடுத்து, நாளைக்குக் காலையில் பிடித்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் சாயங்காலம் வாங்கி வந்தாள். எல்லாரும் மறக்காமல் கொடுத்தார்கள் என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

சோதனை செய்து பார்த்ததில், எல்லா வீட்டுத் தண்ணீரும் தேன் மாதிரி இருந்திருக்கிறது. உப்பு என்ற பேச்சே இல்லை. அவளுக்கு வழிகாட்டும் டீச்சர் தென்பக்கத்துக்காரர், கண்டிப்பானவர். தென்னையே கருகுகிற ஆற்றோரத்தில் இப்படித் தண்ணீர் வருமா, உன் வீட்டுக் குழாயில் மொத்தமாகப் பிடித்து வந்தாயா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று இவள் சொன்னதை அவர் நம்பவில்லை. சரியான விளக்கம் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்தவள் பையை ஓரமாக வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டாள். திட்டு வாங்கியதைவிட, பொய் சொன்னவளாகிவிட்டோமே என்பதுதான் அவளை அறுத்தது. மகன் வந்தான், விஷயத்தைக் கேட்டான், கை கழுவிக்கொண்டே சொன்னான்.

"விட்டுரு. படிச்ச வரைக்கும் போதும்."

 நான்தான், சோறு திங்கற நேரத்துல அந்த நாயமெல்லாம் வேண்டாம் என்று அவன் வாயை அடைத்தேன்.  ஆனால் நாத்தனார் முகம் என் கண்முன் வந்து வந்து போனது.

மறுநாள் அவள் கல்லூரிக்குப் போகவில்லை. மிச்சத் தண்ணீரோடு திரும்பி வந்த பாட்டில்களைச் சமையல்கட்டில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தேன். திடீரென்று ஒரு பாட்டிலை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"அத்தை, இதைச் சித்த மோந்து பாருங்க."

மோந்தேன். சீரகம். வடிகட்டித்தான் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் வாசனை போகவில்லை. நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். அவள்தான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். எந்தப் பூமிக்குள்ளிருந்தும் சீரகம் போட்ட தண்ணீர் வராதல்லவா.

பாட்டிலில் வீட்டு நம்பர் ஒட்டியிருந்தது. சாயங்காலம் அந்த வீட்டுப் பெண் கம்பெனியிலிருந்து வரும் நேரம் பார்த்து இரண்டு பேரும் போனோம். உட்காருவதற்குள் சொம்பில் தண்ணீர் வந்துவிட்டது. அதிலும் சீரகம். மருமகள் மெதுவாக, போர் தண்ணி வேணும்னு சொல்லியிருந்தேனே அக்கா என்றாள். அந்தப் பெண் கொஞ்சமும் தயங்கவில்லை.

"சொன்னீங்க, இல்லீன்னு சொல்லுலீங்க. அதுக்குன்னு, வாசல்ல நின்னு தண்ணி கேட்ட புள்ளைக்கு அந்தத் தண்ணியக் குடுப்பாங்களா அம்மிணி? காலேஜுக்குப் போகுதுன்னு வேற சொன்னீங்க. எந்த வாத்தியாரு குடிப்பாரோ என்னமோன்னு நல்ல தண்ணியக் கொதிக்க வெச்சு ஆத்தி ஊத்துனனுங்க."

குடிப்பதற்கில்லை, சோதனை செய்வதற்கு என்று மருமகள் எடுத்துச் சொன்னாள். அப்போதும் அந்தப் பெண் மோட்டார் போட எழுந்திருக்கவில்லை. என் பக்கமாகத் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள்.

"பையனுக்குப் பொண்ணு பாத்துட்டு இருக்கறமுங்க. இன்ன ஊட்டுத் தண்ணி உப்புன்னு புஸ்தகத்துல ஏறிப்போச்சுன்னா யாருங்க பொண்ணு குடுப்பாங்க?"

 என் மகன்களுக்குப் பெண் பார்த்த காலத்தில், பெண் வீட்டார் எங்கள் கிணற்றில் ஒரு வாய் அள்ளிக் குடித்துப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தார்கள். மருமகள்தான் பதில் சொன்னாள். பெயரும் வராது, அடையாளமும் வராது, நம்பர் மட்டும்தான் வரும், அந்த நம்பர் எந்த வீடு என்று எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது என்றாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நானும் சரி என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் மோட்டார் ஸ்விட்சைக் காட்டினாள்.

மற்ற வீடுகளிலும் இதே கதைதான். ஒருத்தி காசு கொடுத்து வாங்கிய கேன் தண்ணீரை ஊற்றிக் கொடுத்திருந்தாள். இன்னொருத்தி பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவியும் கொடுத்திருந்தாள்.

மறுநாள் டீச்சரிடம் போய் நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறாள். சீரகப் பாட்டிலையும் கையோடு கொண்டுபோனாள். டீச்சர் மோந்து பார்த்துவிட்டு மூடியைத் திருகி மூடினாராம். பிறகு சொன்னாராம்:

"எங்க ஊருன்னா கருப்பட்டியும் சேத்துப் போட்டிருப்பாவ. போ, மறுபடியும் எடு. இந்தத் தடவை நீயே பிடி."

அந்த ஒரு வார்த்தை வந்ததும் வீட்டில் காற்று வந்த மாதிரி இருந்தது. காலை பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்க்கொண்டாள். மோட்டார் ஓடுகிற நேரத்தில் அவளே போய் நின்று பிடித்தாள். துணைக்கு நானும் போனேன். கூட ஒரு வயசானவள் நின்றால், வீட்டுக்காரர்கள் பெண்ணை மோட்டார் ரூம் வரைக்கும் விடுகிறார்கள். மகன் வண்டியில் கொண்டுவந்து விட்டான். விட்டுரு என்று சொன்னவன்தான். இப்போது பாட்டில் உருளாமல் பையை எப்படிப் பிடிப்பது என்று எனக்கே சொல்லிக்கொடுத்தான். இந்தத் தடவை சோதனையில் உப்பு அப்படியே வந்தது, டீச்சரும் கையெழுத்துப் போட்டார்.

வைவா என்று ஒன்று கடைசியில் உண்டாம், நாலைந்து பேர் உட்கார்ந்து கேள்வி கேட்பார்களாம். அன்றைக்கு முழுக்க நான் ஒரு வேலையும் செய்யவில்லை. பஸ் வரும் நேரத்துக்குப் பேத்தியோடு ஸ்டாப்பில் போய் நின்றேன். இறங்கியவள் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்தில் வந்து என் தோளில் பையை மாட்டினாள்.

"பாஸுங்க அத்தை. பசிக்குது, என்ன சோறு?"

எத்தனையோ வாரமாக அவளாக வாயைத் திறந்து சோறு கேட்டதில்லை. அன்று மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள். இப்போது சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்கிற ஒரு இடத்தில் சோதனைச்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். சோறு இன்னும் நான்தான் ஆக்குகிறேன்.

எழுதியாயிற்று. ஒரே ஒரு காரியம்தான் பாக்கி. வீட்டு அடையாளம் வெளியே வராது என்று அந்தச் சீரகத் தண்ணீர்ப் பெண்ணுக்கு நான் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். அவள் மகனுக்கு இன்னும் கல்யாணம் கூடவில்லை. என் எழுத்தை நானே படித்தால் எழுத்துக் கூட்டுவதிலேயே பொழுது போய்விடும், விஷயம் பிடிபடாது. பேத்தி பக்கத்தில்தான் உட்கார்ந்து முறுக்குத் தின்கிறாள். கண்ணு, கையைத் துடைச்சுட்டு வா. இதை முதலிலிருந்து அப்பாயிக்குச் சத்தமாகப் படி. அந்த வீடு எது என்று உனக்குத் தெரிகிற மாதிரி எங்கேயாவது எழுதியிருந்தால், அந்த இடத்தில் நிறுத்து.