பூட்டுக்கு ஒரு நாள் ஓய்வு

சேலம் கடைவீதியில் சைக்கிளை நிறுத்துவது, அந்தக் காலத்தில் கைக்குழந்தையோடு சந்தைக்குப் போகிற மாதிரி. கண்ணை எடுக்க முடியாது. ஆட்டையாம்பட்டியில் எங்கள் குடும்பம் தறி வைத்திருந்தது. நெய்த வேட்டிகளை மூட்டை கட்டிச் சைக்கிளில் வைத்து, சேலத்து ஜவுளிக் கடைக்குக் கொண்டுபோய்ப் போடுவது என் வேலை. சங்கிலியைப் பின் சக்கரத்துக்குள் விட்டுக் கடை வாசல் தூணோடு சேர்த்துப் பூட்டுவேன். பம்பு, விளக்கு, மணி மூன்றையும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வேன். கடைக்காரருக்குச் சிரிப்பு வரும். "சீட்டையும் கழட்டிக்குங்க, உள்ள வந்து உக்காந்துக்கலாம்" என்பார். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர் கடையில் ஒரு வேட்டி போனால் இன்னொரு வேட்டி வரும். உலகச் சண்டை நடந்த அந்தக் காலத்தில் சைக்கிள் போனால் போனதுதான். டயர் கிடைப்பதே குதிரைக் கொம்பாக இருந்தது.

நான் அந்தச் சைக்கிளை அப்படிக் காத்ததற்கு வேட்டி காரணமில்லை. என் அக்கா காரணம்.

அக்காவை எருமப்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்தோம். அங்கேயும் தறிக் குடும்பம்தான். ஒருமுறை நூல் விசாரிக்க நாமக்கல் போனவன், இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று சொல்லாமல் கொள்ளாமல் அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். அக்கா ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. பொழுது சாய்கிற நேரம், அவள் இன்னும் மத்தியானச் சோறே சாப்பிட்டிருக்கவில்லை. கதவில் இடித்துக்கொண்டாள் என்று அவள் மாமியார் கேட்காமலே சொன்னார். மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், தறியை விட்டுத் தலை தூக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளை அழைத்து வந்துவிடலாம் என்று வீட்டில் சொன்னேன். எனக்கு இளையவள் ஒருத்தி கல்யாணத்துக்கு இருந்தாள். வாழாவெட்டி இருக்கும் வீட்டுக்கு எவன் பெண் கேட்டு வருவான் என்று அப்பா கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் ஒரு பதில்தான் இருந்தது. அது எனக்கும் தெரியும்.

ஆகவே நான் சைக்கிளை மிதித்தேன். ராசிபுரம் வரை பரவாயில்லை. புதுச்சத்திரம் தாண்டினால் எதிர்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். நாமக்கல் மலை கண்ணில் பட்ட பிறகும் கிட்ட வராது. வேலமுள் ஏறினால் புளியமரத்தடியில் உட்கார்ந்து ஒட்டுப் போடவேண்டும். எப்போது வருவேன் என்று யாரிடமும் சொல்வதில்லை. அடுத்தடுத்த வாரமும் போவேன், மாதம் கழித்தும் போவேன். எருமப்பட்டியில் அவர்கள் தெருமுனை திரும்பும்போது மணியை விடாமல் அடிப்பேன்.

"நீ எப்ப வந்து நிப்பீன்னு தெரியாம பயந்துக்கறாங்க சாமி. நேரத்துக்குச் சோறு போடறாங்க. கைய ஓங்கினாக்கூட, மணிச் சத்தங் கேக்குதான்னு ஒருதரம் பாத்துக்கறாங்க" என்றாள் அக்கா. சொல்லும்போது சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. தறியைக் கழுவி, குறுக்கே நூல் ஓட்டும் நாடாவுக்கும் அச்சுக்கும் பொட்டு வைத்து, கத்தி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் சாமி படத்தின் முன்னால் வைத்தோம். படைத்த ஆயுதத்தை மறுநாள் பூஜை முடியும்வரை தொடக்கூடாது. சைக்கிளைத் தறிக்கூடத்தில் நிறுத்தி மாலை போட்டேன். மணியையும் விளக்கையும் புளி போட்டுத் துலக்கிப் படத்தின் முன் வைத்தேன். சைக்கிளைப் பூட்டலாம் என்று சங்கிலியை எடுத்தால் அம்மா தடுத்தாள்.

"பூட்டும் ஆயுதந்தானே சாமி? வருசம் பூரா காவக் காத்துச்சு. ஒரு நாளாச்சும் ஒறங்கட்டும்."

"இன்னைக்குப் பாத்து எவனாவது வந்தான்னா?"

"பூசை நாள்ல எவன் வருவான்?"

மல்லுக்கு நின்று பார்த்தேன். கேட்பாளா? பூட்டைப் பிடுங்கி, சந்தனம் தடவி, நாடாவுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாள். பூஜை போட்ட கூடத்தின் கதவையும் சாத்தக்கூடாது என்பாள். சாயங்காலம் பொரி கடலை வாங்க அக்கம்பக்கத்துப் பூஜைகளுக்கு எல்லோரும் போய் வந்தோம். சைக்கிள் நின்ற இடத்தில் மாலை கிடந்தது. ஊரில் எல்லாத் தொழிலும் ஓய்ந்திருந்த அன்றைக்குத் திருடன் ஒருவன்தான் வேலைக்குப் போயிருக்கிறான்.

போலீஸ்காரர் பூட்டு எங்கே இருந்தது என்று கேட்டார். "சாமிகிட்டங்க" என்றேன். "அப்பச் சாமியத்தான் கேக்கோணும்" என்றார். அதோடு விசாரணை முடிந்தது. அம்மா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அவளைத் திட்டவும் வாய் வரவில்லை, திட்டாமலிருக்கவும் முடியவில்லை.

அடுத்த முறை எருமப்பட்டிக்குக் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி போட்டு ஓட்டிய பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்து, பாதி தூரம் நடந்து போனேன். பையில் மணி இருந்தது. தெருமுனையில் அதை எடுத்து அடித்தேன். வெளியே வந்த அக்கா புழுதி படிந்த என் காலைப் பார்த்தாள். முகம் வெளுத்தது ஒரு நொடிதான்.

"சைக்கிளைக் கோயில்கிட்டயே உட்டுட்டு வந்துட்டயா சாமி? அதுஞ் செரிதான், சந்தெல்லாம் முள்ளு" என்று உள்ளே கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

இப்படி இல்லாத சைக்கிளை இரண்டு பேரும் கொஞ்ச காலம் ஓட்டினோம். போக வர இரண்டு மூன்று நாள் ஆனது. தறி நின்றது, அப்பா முணுமுணுத்தார். என் வரவு குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் மணியை அடித்துக்கொண்டு போனபோது மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஏனுங்க தம்பி, அந்த மணிய எங்கூட்டுக் கன்னுக்குட்டிக்குக் கட்டலாமுங்களா? உங்களுக்குத்தான் சைக்கிள் இல்லீங்களே" என்றார், வெகு மரியாதையாக.

உள்ளே மாமா சிரித்தார். பக்கத்து வீட்டிலும் யாரோ சிரித்தார்கள். அவர்களுக்கு எத்தனை நாளாகத் தெரியுமோ! அக்கா ராட்டையை நிறுத்தவில்லை, தலையும் தூக்கவில்லை. கிளம்பும்போது தண்ணீர்ச் சொம்பைக் கொடுக்கிற சாக்கில் அருகே வந்தாள். "இனிமே மணி அடிக்காத சாமி. நோம்பிக்கு மட்டும் வா, போதும்" என்றாள். அவள் கையில் புதிதாகச் சூடு பட்ட புண் இருந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

பிறகு தைப் பொங்கலுக்கும் ஆடி நோம்பிக்கும் போய்வந்தேன், அவள் சாகும்வரை. நான் வருகிற நாள் அந்த வீட்டில் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். அன்றைக்கு அக்கா தலை வாரி, நல்ல சேலை கட்டி, வயிறாரச் சாப்பிட்டிருப்பாள்.