நான் தாண்டிய ரைஃபிள்

நான் தாண்டியதால்தான் மாமாவின் ரைஃபிள் குறி தவறியது என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லட்டும். நான் தாண்டியது உண்மைதான். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. என் சப்பாத்து சுவரோரம் கிடந்தது. நடுவில் மாமா ரைஃபிளைத் துடைத்துத் தரையில் கிடத்தியிருந்தார். எனக்குப் பறக்கத் தெரியாது.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். எங்கள் லயத்து வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பிரா அறையில் இருந்தார். லயத்துக்குப் பின்னால் எல்லோரும் போட்டிருந்த உருளைக்கிழங்கைக் காட்டுப்பன்றி கிண்டாமல் பார்த்துக்கொள்ள, துரை பங்களாவில் கிடந்த பழைய வேட்டை ரைஃபிளை அவர் கையில் கொடுத்திருந்தார்கள். அது வந்த நாளிலிருந்து அவர் கவ்வாத்துக் கத்தியைத் தொடவில்லை. மற்றவர்கள் மலையில் நனைந்துகொண்டு செடி வெட்ட, அவர் காவல்காரர் என்று கோட்டுப் போட்டுக்கொண்டு நடந்தார். கங்காணியே அவரை "வாங்க" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

துப்பாக்கியைப் பெண்பிள்ளை தாண்டினால் குறி போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பையன் தாண்டினால் ஒன்றும் ஆகாதாம். அவன் காலில் என்ன சந்தனமா பூசியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அந்த வாரம் மாமா சுட்டதெல்லாம் பன்றியை விட்டுவிட்டுத் தேயிலைச் செடியில் போய்ப் பட்டது. முற்றிய கிழங்கு பாத்தி பாத்தியாகப் போனது. ஆட்கள் முணுமுணுத்தபோது மாமா என்னைக் கைகாட்டினார். எலுமிச்சம்பழம் அறுத்தார்கள், மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். பன்றிகள் அதற்கும் மசியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் கூடினார்கள். முனியாண்டிக்கு முன்னால் வாழையிலையில் ரைஃபிளும் ஒரு தோட்டாவும் இருந்தன.

"தேரு முடியிற வரைக்கும் புள்ள டிக்கோயாவுல சித்தி வூட்ல இருக்கட்டும்," என்றார் கோயில் தலைவர். "சாமி குத்தம் நமக்கு வேணாம்."

தேர் வடம் பிடிக்க எனக்குச் சிவப்புப் பாவாடை தைத்து வைத்திருந்தது.

"எம்புள்ள எங்கயும் போகாது," என்றாள் அம்மா.

மாமா தரையைப் பார்த்தபடி, "நாலு பேரு சொல்றதக் கேளு தங்கச்சி," என்றார்.

நான் நேராகப் போய்த் தோட்டாவை எடுத்தேன். யாரும் என்னைப் பிடிப்பதற்குள் அதன் முனையைக் குழல் வாய்க்குள் விட்டேன். அது பித்தளை உறை தொடும்வரை வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"குண்டு பாதியில நிக்கணும். இது முழுசா எறங்குது. கொழலு தேஞ்சு போச்சு."

"ஒனக்கு யாரு சொன்னா?" என்றார் தலைவர்.

"மாமாதான். கெழங்கு பூத்திருந்தப்ப தண்ணிப் பீலிக்கிட்ட தனியா ஒக்காந்து இப்படித்தான் வுட்டுப் பாத்தாங்க. 'தேஞ்சு போச்சே'ன்னு தலையில அடிச்சிக்கிட்டாங்க."

தலைவர் ரைஃபிளைத் தூக்கி, பின்பக்கப் பூட்டைக் கழற்றி, குழலை வானத்துக்குக் காட்டி ஒரு கண்ணால் பார்த்தார். குண்டைச் சுழற்றி நேராக அனுப்பும் வரிகள் உள்ளே இருக்க வேண்டும்.

"வரி ஒண்ணுமே இல்ல. பீலிக் கொழா மாதிரி வழவழன்னு கெடக்கு," என்று அதை இலையில் திரும்ப வைத்தார்.

எல்லோரும் குழலைப் பார்த்தார்கள். அம்மா மட்டும் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரைஃபிள் பங்களாவுக்குத் திரும்பிப் போனது. மாமா கவ்வாத்துக்குத் திரும்பினார். மிச்சக் கிழங்கையும் பன்றிகள் தின்றன. அதற்கும் என் வாய்தான் காரணம் என்றார்கள். நான் சிவப்புப் பாவாடை கட்டிக்கொண்டு வடத்தின் முன்வரிசையிலேயே நின்று இழுத்தேன்.

சில வருஷம் கழித்து நான் பெரியவளானபோது மாமா சீர்த்தட்டோடு வந்தார். தாய்மாமன் சீர் இல்லாமல் எங்கள் வீடுகளில் சடங்கு நடக்காது. அம்மா வாசலில் குறுக்கே நின்றாள்.

"தட்ட எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே. எம்புள்ளைக்கு நானே செஞ்சிக்கிறேன்."

தட்டிலிருந்த நீலப் பட்டுப் புடவையை உள்ளேயிருந்து பார்த்துவிட்டு நான் அழுதேன். ஒரு ஓட்டைத் துப்பாக்கிக்காக இத்தனை வருஷக் கோபமா என்று அம்மாவோடு சண்டை போட்டேன்.

கிழங்கு பூத்தது முதலில். நான் தாண்டியது கிழங்கு முற்றிய பிறகு. குழல் தேய்ந்தது தெரிந்துகொண்டேதான் மாமா அந்தக் கோட்டுக்காக என்னைக் கைகாட்டினார். அம்மாவுக்கு அது கோயில் முற்றத்திலேயே விளங்கிவிட்டது. அத்தனை பேருக்கு முன்னால் அதைச் சொன்னவள் நான். எனக்குத்தான் வெகுகாலம் விளங்கவில்லை.