தங்கச்சி எடுத்த படங்களில் காது மட்டும் தெளிவு

சந்திரமோகன் நாசமாப் போக! இப்படி ஆரம்பிக்கிறது கோயிலுக்குப் போற பொம்பளைக்கு அழகில்லதான். ஆனா என் தங்கச்சி கரோலினைப் பத்திப் பேசணும்னா, அந்தாளைத் திட்டாம எனக்குப் பேச்சே வராது.

கரோலின் செகந்திராபாத்ல இருபத்திரெண்டு வருஷமா கல்யாணப் போட்டோ எடுக்கிறவ. எங்கப்பா பார்த்து வச்ச பேங்க் வேலையை உதறிட்டுக் கேமராவைத் தூக்கினா. கல்யாணம் பண்ணிக்கல. கையில சேர்ந்த காசுல ரெண்டு லென்ஸ் வாங்கிக் குழந்தை மாதிரி பாத்துக்கிட்டா. கேமரா மட்டும் ஸ்டுடியோ முதலாளி சந்திரமோகனோடது. நல்ல கேமரா ஒண்ணுதான், ரெண்டு பேரும் மாத்தி மாத்தி எடுப்பாங்க. தெலுங்குக் கல்யாணத்துல மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் நடுவுல திரை பிடிச்சிருப்பாங்க. ஒருத்தர் தலையில ஒருத்தர் சீரகமும் வெல்லமும் வச்சதும் திரை இறங்கும். அந்த முதல் பார்வையைப் பிடிக்க இவளைத்தான் முன்னால நிறுத்துவாங்க.

போன பிப்ரவரில வரிசையா மூணு கல்யாணத்துல படம் கெட்டுச்சு. பொண்ணோட காதுல ஜிமிக்கி பளிச்சுன்னு இருக்கு, கண்ணு கலங்கலா இருக்கு. சந்திரமோகன் எல்லார் முன்னாலயும், "வயசாச்சு கரோலின், கண்ணைக் காட்டுங்க. அதுவரைக்கும் பந்தியை மட்டும் படம் எடுங்க"ன்னான். அவ கண் டாக்டர்கிட்டப் போய், குறையில்லைன்னு சீட்டு வாங்கிட்டு வந்தா. "அப்ப கை நடுங்குது"ன்னான். திமிரைப் பாருங்க!

ஒரு ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு, ஸ்டுடியோ கேமராவைக் கேட்டு வாங்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தா. பையில அந்தாளோட பெரிய லென்ஸும் இருந்துச்சு. சாப்பாட்டு மேசைல அஞ்சு ஊறுகாய் பாட்டிலைச் சாய்வா வரிசை வச்சு, ட்ரைபாட் போட்டு, நடு பாட்டிலைக் குறிவச்சு எடுத்தா. அவ லென்ஸ் ரெண்டுலயும் நடு பாட்டில் மங்கல், அதுக்குப் பின்னால இருந்தது தெளிவு. அந்தாளு லென்ஸ்ல நடு பாட்டில் எழுத்தெல்லாம் படிக்க முடியுது.

"பாத்தியா, உன் லென்ஸ்தான் போச்சு"ன்னேன்.

"நக்கோக்கா, வேணாம், சும்மா இரு. ரெண்டு லென்ஸும் பேசி வச்சு ஒரே பக்கமாக் கெடுமா?"

கேமரா மெனுவைத் தோண்டினா. ஆட்டோஃபோகஸை முன்ன பின்ன தள்ளித் திருத்துறதுக்கு அதுல ஒரு இடம் இருக்காம். லென்ஸுக்கு லென்ஸ் தனியாவும் திருத்தலாம், எல்லா லென்ஸுக்கும் ஒரே அளவாவும் திருத்தலாம். அங்க எல்லாத்துக்கும் சேர்த்துப் பதினாலு புள்ளி பின்னால தள்ளி வச்சிருந்துச்சு. ஜனவரி கடைசில போவன்பள்ளி மண்டபத்துல சந்திரமோகன் தன் லென்ஸைக் கீழ போட்டது அப்பதான் அவளுக்கு ஞாபகம் வந்துச்சு. கோணல் அந்த லென்ஸ்ல. அதுக்கு ஏத்த மாதிரி கேமராவையே தள்ளி வச்சு, நல்லா இருந்த இவ லென்ஸைக் கெடுத்திருக்கான், படுபாவி!

மறுநாள் நானும் கூடப் போனேன், சண்டைக்கு ஆள் வேணும்ல. கரோலின் பாட்டில் படங்களைக் காட்டினா. திருத்தத்தை அவன் லென்ஸுக்கு மட்டும்னு மாத்தி வச்சா. ரெண்டு நிமிஷ வேலை.

"சார், என் கண்ணுல கோளாறு இல்லைன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிடுங்க, போதும்"னா.

"அதான் சரியாயிடுச்சே, விடுங்க."

நான் விடுவேனா? "மெனு பாக்கத் தெரியல, அவ கண்ணைக் குத்தம் சொல்ல வந்துட்டியா? வெக்கமாயில்ல?"ன்னு கத்தினேன்.

அந்தாளு என்னைப் பாத்துச் சிரிச்சான். "நான் மட்டுமா சொன்னேன்? உங்க பொண்ணு நிச்சயத்துக்குக் கரோலினை அனுப்பாதீங்க, வேற ஆளை அனுப்புங்கன்னு போன் பண்ணது யாரு மேடம்?"

நான்தான். ஒரே பொண்ணு, படம் கெட்டுடக்கூடாதுன்னு பயந்துட்டேன். கரோலின்கிட்ட மட்டும், "நீ சித்தி, அன்னிக்கு வேலை பாக்கக்கூடாது, பட்டுப்புடவை கட்டிட்டு வா"ன்னு இனிக்க இனிக்கச் சொல்லி வச்சிருந்தேன்.

கரோலின் லென்ஸ் ரெண்டையும் பையில போட்டுக்கிட்டா. வெளிய வந்து ஆட்டோவை நிறுத்தி உட்கார்ந்தா. நானும் ஏறப்போனேன். பையைத் தூக்கிப் பக்கத்து இடத்துல வச்சா.

"நீ வேற ஆட்டோல வாக்கா"ன்னா.