குருக்கள் கேட்ட பெயர்

எனக்கு நோய் ஒன்றும் இல்லை என்று கும்பகோணத்து டாக்டர் சொல்லிவிட்டார். கை நடுங்கியது. சோறு இறங்கவில்லை. பெற்ற பிள்ளைகள் பேச வந்தாலும் எரிந்து விழுந்தேன். செத்தால் தேவலை என்றிருந்தது. நோய் இல்லையாம்!

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு பண்ணையாருக்குப் பதினெட்டு வருஷம் காரியக்காரனாக இருந்தேன். அதைப் பெரிய உத்தியோகம் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தித் திரிந்த முட்டாள் நான். அவருடைய கோபத்தை வயலுக்குக் கொண்டுபோய் ஆட்கள் மேல் கொட்டுவேன். அவர்கள் கூலி கேட்டுக் கொடி பிடித்தால், அவரிடம் வந்து குழைவேன். ஆட்சி மாறியதும் அவர் கரைவேட்டிக்கு மாறினார். ஏழைப் பங்காளராம்! நில உச்சவரம்பைக் குறைத்தபோது மிச்ச நிலத்தைக் கண்டவர் பெயரிலெல்லாம் எழுதி வைத்தார். என் பெயரிலும் ஐந்து ஏக்கர். கையெழுத்துப் போட்டதோடு சரி. ஒரு பிடி நெல் என் வீட்டுக்கு வந்ததில்லை.

அந்த நிலமெல்லாம் உண்மையில் யாருடையது என்று தாலுகா ஆபீசில் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். நிலம் என்னுடையது என்று நான் சொல்ல வேண்டும். நினைத்தாலே நடுக்கம் கூடியது. அதற்கு முந்தின நாள் காலை மனைவி கமலத்தோடு சுவாமிமலைக்குப் போனேன். என்ன வேண்டினேன் தெரியுமா? நாளைக்கு நாக்குக் குழறக் கூடாது முருகா என்று. பொய் சொல்லத் துணை கேட்டேன், வெட்கங்கெட்டவன்.

அர்ச்சனைக்குக் குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். கடகடவென்று ஒப்பித்தேன். கமலம் என் கையைப் பிடித்தாள்.

"அது பண்ணையாரு பேருங்க. உங்க பேரச் சொல்லுங்க."

மாதாமாதம் அவருக்கு அர்ச்சனை செய்தே பழகிய வாய். என் பெயரைச் சொன்னேன். நட்சத்திரம் நினைவுக்கு வரவில்லை. "பூசம்" என்று அவள்தான் சொன்னாள். வைத்தியலிங்கம், பூச நட்சத்திரம் என்று குருக்கள் முருகன் முன்னால் சொன்னதும் குலுங்கிக் குலுங்கி அழுதேன். இந்த ஆளை இத்தனை வருஷம் எங்கே விட்டுவைத்திருந்தேன்?

மறுநாள் பண்ணையார் பக்கத்திலேயே நின்றார்.

"இந்த அஞ்சு ஏக்கரும் உங்களோடதுதானா?" என்றார் அதிகாரி.

"இல்லீங்க. பண்ணையாரோடது. என் பேர மட்டும் எடுத்துக்கிட்டாரு."

நாக்குக் குழறவில்லை. கேட்டதை முருகன் அப்படியே கொடுத்துவிட்டான்.

அன்றே வேலை போயிற்று. அன்று மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டேன். இப்போது கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நானே சேற்றில் இறங்குகிறேன். கை நடுங்குவதில்லை. அந்தப் பண்ணை ஆட்களில் சிலர் இன்னும் என் முகத்தில் விழிப்பதில்லை, அது நியாயம்தான். பண்ணையார் மேடையேறி ஏழைக்காக அழுகிறார். அழட்டும்.

யாருக்கோ குழைந்து குழைந்து ஓய்ந்துபோனவர்களே, சுவாமிமலைப் படிகளை ஒருமுறை ஏறிப் பாருங்கள். என்னைப் போலக் கேடுகெட்ட வேண்டுதலோடு போனாலும் பரவாயில்லை. அதைத் திருத்தி நிறைவேற்ற அவனுக்குத் தெரியும்.