மதினி வைத்திருந்த நம்பர்

போன வருடம் ஆடி மாதம், திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டிப் படிப்பேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். என் வீட்டுக்காரர் இருந்தவரை எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது.

எங்களுக்குச் சீர்வரிசைத் தட்டு அலங்காரம் செய்கிற தொழில். லட்டில் கோபுரம் கட்டுவோம், பட்டுச்சேலையை மடித்து மயில் செய்வோம், ஏலக்காயில் மாலை கோப்போம். வீட்டுக்காரர் தொடங்கியதை இப்போது மருமகள் நடத்துகிறாள். நான் மாலை கோத்துக் கொடுப்பேன். மகனுக்கு மில்லில் வேலை.

எங்களுக்கு வீதியில் கடை கிடையாது. வெப்சைட்தான் கடை. சிங்கப்பூரில், துபாயில் இருக்கும் பிள்ளைகள் அதில் படத்தைப் பார்த்துத்தான், "எங்க ஊர்க் கல்யாணத்துக்கு இந்த மாதிரி வேணும்" என்று சொல்வார்கள். அந்தப் படங்களெல்லாம் வீட்டுக்காரர் எடுத்தவை. அவர் போன் தண்ணீரில் விழுந்து கெட்டுப்போனது. அதனால் அந்தப் படங்கள் வேறு எங்கேயும் இல்லை.

ஆடியில் கல்யாணம் இருக்காது. ஆவணிக்கு ஆர்டர் பிடிக்கிற மாதம் அது. அந்த நேரம் பார்த்து மருமகள் முகம் வெளிறிப்போய் வந்து உட்கார்ந்தாள்.

"அத்த, நம்ம வெப்சைட்ட வச்சிருக்குற கம்பெனிய மூடப்போறாங்களாம். இந்த மாசக் கடைசிக்குள்ள நம்ம சாமானை எடுத்துக்கணுமாம். இல்லாட்டி எல்லாத்தையும் அழிச்சிருவாங்களாம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நம்ம கடையை அவர்கள் எப்படி மூடுவார்கள் என்று கேட்டேன்.

"கட நம்மளுது அத்த. கட இருக்குற எடம் அவங்களுது. அதுக்குத்தான் ஹோஸ்டிங்னு பேரு. வருசா வருசம் வாடக கட்டுறோம்ல, அது."

அப்படியென்றால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதானே என்றேன். அவளும் பார்க்கத்தான் செய்தாள். நான் ஏலக்காய் கோத்துக்கொண்டே பக்கத்தில் இருப்பேன், அவள் ஒவ்வொரு கம்பெனியாகக் கூப்பிட்டுப் பேசுவாள். ஒரு இடத்தில் இங்கிலீஷைத் தவிர வேறு பேச்சில்லை. இன்னொரு இடத்தில் பாட்டைப் போட்டுவிட்டு ஆளைக் காணோம். ஒன்று முதல் வருடம் மலிவு, அடுத்த வருடத்திலிருந்து ஒரேயடியாக ஏறிவிடுமாம். மகன் வேலை முடிந்து வந்து, "எது சல்லிசோ அத எடுத்துட்டுப் போ, இதுக்கு எதுக்கு இம்புட்டு ஆராய்ச்சி?" என்றான்.

"சல்லிசுன்னு போய்த்தான் இந்த மூடுற எடத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறோம். முகூர்த்த மாசம் வந்தா படம் தெறக்கவே மாட்டேங்குது. பாக்குறவங்க எம்புட்டு நேரம் பொறுத்திருப்பாங்க?" என்று அவள் கேட்டாள்.

எனக்கு ஒரே ஒரு பயம்தான். புதுசாகப் போகிற இடத்தையும் ஒரு நாள் மூடிவிட்டால்? மெதுவாக அவளிடம் சொன்னேன். அவளுக்கும் அதே கவலை இருந்திருக்கிறது. தமிழில் பேசிய ஒரு கம்பெனிப் பெண்ணிடம் அதையே கேட்டாள். தினமும் ஒரு நகல் எடுத்து வேறு இடத்தில் வைப்போம், நீங்களும் எப்போது வேண்டுமானாலும் இறக்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். வாடகை ரொம்ப மலிவில்லை. ஆனாலும் அங்கேயே போகலாம் என்று முடிவு செய்தோம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. பழைய இடத்துக்குள் போனால்தான் படங்களை எடுக்க முடியும். உள்ளே போக ஒரு போனுக்கு ரகசிய எண் வரும். அந்தப் போன் மருமகளுடையது இல்லை, என் மகனுடையதும் இல்லை. வெப்சைட் செய்து கொடுத்த தம்பி வெளிநாடு போய்விட்டார், அவரைப் பிடிக்க முடியவில்லை.

"கடைசி ரெண்டு நம்பர் மட்டும் காட்டுது அத்த. இது யாரோடதுன்னே தெரியல" என்று அந்த எண்களைச் சொன்னாள்.

எனக்குத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் நித்தம் கூப்பிட்டுப் பேசிய நம்பர் அது. அவருடைய அக்காவின், அதாவது என் மதினியின் நம்பர்.

எங்கள் வீட்டில் புதிதாக எதைத் தொடங்கினாலும் மதினி கைதான் முதலில் படவேண்டும். அடுப்பு மூட்டுவதானாலும் சரி, விதை போடுவதானாலும் சரி. அத்தனை கைராசி என்று நம்பிக்கை. வெப்சைட் தொடங்கும்போது அந்தத் தம்பி ஒரு போன் நம்பர் கேட்க, "எங்க அக்கா நம்பரப் போடுங்க, வெளங்கும்" என்று இவர் சொல்லியிருக்கிறார். வேறு எவராவது இப்படிச் செய்வார்களா என்று தெரியவில்லை.

அதன் பிறகு மதினியின் மகள் கல்யாணம் வந்தது. தாய்மாமன் சீர் இவர் கொண்டுபோனார். நாங்கள் ராப்பகலாகப் புதிதாகச் செய்த தட்டுகள். மாப்பிள்ளை வீட்டில் யாரோ, "வாடகைத் தட்டுல சீரா?" என்று சொல்லிச் சிரித்தார்கள். அக்கா ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லுவார் என்று இவர் பார்த்தார். மதினி சொல்லவில்லை. இவர் பந்தியில் உட்காராமல் கிளம்பி வந்துவிட்டார். அதோடு பேச்சு நின்றது. இவர் இறந்தபோது மதினி வந்தார், கோடித் துணியைத் தம்பி மேல் போட்டார், அழுதார். யாரிடமும் எதுவும் பேசாமல் போய்விட்டார்.

மருமகள் அந்த நம்பருக்குக் கூப்பிட்டுப் பார்த்தாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. "நீங்க நேர்ல போனாத்தான் அத்த ஆகும்" என்றாள். இவர் இருந்திருந்தால் என்னை அங்கே போக விட்டிருக்கவே மாட்டார். மறுநாள் மதினி ஊரான ரெட்டியார்சத்திரத்துக்குப் பஸ் ஏறினேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மதினி வாசலில் சின்ன வெங்காயத்தைக் குவித்துப்போட்டுத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன, எங்க வீட்டுக்கு வழி தெரிஞ்சிருச்சா?"

சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்துபோனது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் வெங்காயத்தை எடுத்து அறுக்க ஆரம்பித்தேன். செத்த நேரம் இரண்டு பேரும் அறுத்தோம்.

"ஏத்தா, வாயத் திண்டுக்கல்லுலயே வச்சிட்டு வந்துட்டியா?"

தலையைக் குனிந்தபடியே சொன்னேன். கடை போகப்போகிறது, அவர் எடுத்த படமெல்லாம் போகப்போகிறது, உங்க போனுக்கு ஒரு எண் வரும், அதைச் சொன்னால் போதும் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். மதினி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். சுவரில் ஆணியில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. அதிலிருந்து பழைய பட்டன் போன் ஒன்றை எடுத்துவந்தார். அவர் இடுப்பில் வேறொரு போன் இருந்தது.

"நான் பேசுறது இடுப்புல இருக்குற போனு. இது என் தம்பி பேசிக்கிட்டிருந்த நம்பரு, கடைக்குக் குடுத்தது. ஒரு நாளும் சார்ஜ் எறங்க விட்டதில்ல. காசு போடாட்டி நம்பரப் புடுங்கிருவாங்களாம்ல? போன்கடைக்காரன் கேக்குறான், 'யாருமே பேசாத நம்பருக்கு எதுக்கு ஆத்தா காசக் கொட்டுற?'ன்னு. அவன் கெடக்கான்."

நான் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். மதினி அதைப் பார்த்துவிட்டு, "அழுவாத. உன் புருசன் மேல எனக்கு இன்னும் கோவம் தீரல" என்றார்.

மருமகளுக்குப் போன் போட்டோம். அவள் அங்கே அழுத்த, இங்கே எண் வந்தது. மதினிக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். பாதியில் திரை இருண்டுபோய், மறுபடி பட்டனை அழுத்தித் தேடிப் படிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அந்த எண் செல்லாது என்றாள் மருமகள்.

"பதறாம வாசி. நான் பட்டன அமுத்திக்கிட்டே இருக்கேன், வெளிச்சம் போகாது" என்று மதினி என் தோளோடு ஒட்டி உட்கார்ந்தார். இரண்டாவது முறை சரியாகச் சொன்னேன். அந்தப் பக்கம் மருமகள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "உள்ள போயிட்டேன் அத்த! மாமா எடுத்த படம் அம்புட்டும் இருக்கு!"

படங்களெல்லாம் இறங்கி முடிகிறவரை அங்கேயே இருந்தேன். மதினி காபி போட்டுக் கொடுத்தார். சாயங்காலம் மருமகள் கூப்பிட்டு, புது இடத்துக்கு எந்த நம்பரைக் கொடுக்க என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். நான் பதில் சொல்லுமுன் மதினியே சத்தமாகச் சொன்னார்.

"உன் நம்பரப் போடு தாயி. கட நடத்துறவ நீதான? என்னையத் தேடிக்கிட்டு எத்தன நாளைக்கு அலைவீக?"

அதுதான் சரி. அப்படியே செய்தோம். மதினி போனைப் பைக்குள் போட்டுவிட்டு, அதை ஆணியில் மாட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்ப இனிமே இதுக்குக் காசு போட வேணாம்" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

அப்போது எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ. "போடுங்க மதினி. நான் கூப்பிடுவேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "நீ? நீ எங்க பேசப்போற?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

ஆவணியில் நிறைய ஆர்டர் வந்தது. படங்கள் இப்போது சட்டென்று திறக்கின்றன என்று மருமகள் சொல்கிறாள். நான் வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பழைய நம்பரில் மதினியைக் கூப்பிடுகிறேன். பேச்செல்லாம் அவருடையதுதான், நான் 'உம்' கொட்டுவேன். முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறார்.

அவர் எங்களோடு உறவை அறுத்துவிட்டார் என்றுதான் அத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யாராவது, "அந்த வீட்டோட எங்களுக்குப் பேச்சுவார்த்த இல்ல" என்று சொன்னால், அங்கே இவர்களுக்காக யார் எதை அணையாமல் வைத்திருக்கிறார்களோ, ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது.