வலது கையால் அழுத்தாத மனிதர்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் ஒரு காசினோவில் இருந்தேன்.

பதற வேண்டாம். ஆடப் போகவில்லை. ஒரு வாசகர் கூப்பிட்டார், போனேன். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயரை மட்டும் மாற்றி, அந்தோனிப்பிள்ளை என்று வைத்துக்கொள்வோம்.

மன்னார்க்காரர். வயது அறுபத்தெட்டு. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் குடியிருக்கிறார். ஒரு பெரிய கிடங்கில் வருடக்கணக்காக ஷிப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாதவர். மூன்று வாரத்துக்கு முன்பு பத்திரிகை ஆபீசில் என் நம்பரைக் கேட்டு வாங்கி போன் செய்தார்.

"தங்கச்சி, நீங்கள் பூனை, மழை, ட்ரெயின் லேட் எண்டு எழுதிறியள். நல்லாத்தான் இருக்கு. ஒருக்கா எங்கட மெஷினடிக்கு வந்து பாருங்கோ. எழுத நிறையக் கிடக்கு."

"என்ன மெஷின் அண்ணே?"

"வீடியோ போக்கர்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஈப்போவில் பிறந்து, லண்டனுக்குப் படிக்க வந்து, இல்ஃபோர்டில் வீடு வாங்கி, இன்ஷூரன்ஸ் ஆபீசில் பாதித் தலைமுடியை இழந்தவள் நான். சூதாட்டத்தில் என் அனுபவம் என்பது ஆபீஸ் கிறிஸ்துமஸ் ராஃபிள் குலுக்கலில் ஒரு பாட்டில் ஷாம்பு விழுந்ததுதான்.

ஆனால் வாசகர் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? ஒரு நாள் லீவு போட்டேன்.

உள்ளே பகலா இரவா என்று தெரியாத வெளிச்சம். ஜன்னல் கிடையாது. ஒரு மூலையில் வரிசையாக நாலைந்து மெஷின்கள். ஆட்டம் சுலபம்தான். ஐந்து சீட்டு திரையில் வரும். வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை மாற்றலாம் – ஒரே ஒரு தடவை. மாற்றி வந்தது நல்ல கூட்டாக இருந்தால் பணம். இல்லாவிட்டால் இல்லை. எதிரே மனிதர் கிடையாது. நீங்கள், மெஷின், அவ்வளவுதான்.

ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள இரண்டு நிமிடம் ஆனது. அந்த மூலையின் சட்டதிட்டங்களைக் கற்றுக்கொள்ள ஒரு மணி நேரம் போதவில்லை!

முதல் தப்பை உள்ளே போன உடனேயே செய்துவிட்டேன். காலி நாற்காலி ஒன்றில் உட்காரப் போனேன். அந்தோனிப்பிள்ளை என் கையைப் பிடித்து இழுத்தே விட்டார்.

"கோட் தொங்குது, தெரியேல்லையே? ஆள் டாய்லெட்டுக்குப் போயிருக்கு. கோட் இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி."

இரண்டாவது தப்பு. அவருக்கு மூன்று ராணிகள் வந்தன. "அடடே, சூப்பர் அண்ணே!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மூலையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பூசை நடுவில் செல்போன் அடித்தால் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"ஆட்டம் முடியமுன்னம் வாய் திறக்கக் கூடாது தங்கச்சி," என்றார் மெதுவாக. "நல்லது வந்தாலும் சரி, கெட்டது வந்தாலும் சரி. முடிஞ்சாப் பிறகு சும்மா ஒரு தலையாட்டு. அவ்வளவு காணும்."

எவ்வளவு வந்தது என்று கேட்கக் கூடாது. எவ்வளவு போனது என்று கேட்கவே கூடாது. பக்கத்து மெஷினை விரலாலும் தொடக் கூடாது. மெஷினைத் திட்டலாம், அடிக்கக் கூடாது.

இது பொதுச் சட்டம். இதற்கு மேல் ஆளுக்கு ஆள் தனிச் சட்டம் உண்டு.

இரண்டு மெஷின் தள்ளி ஒரு அம்மா. கரீபியன் பக்கத்தவர், எழுபது வயது இருக்கும். தலையில் ஊதா நிறத்தில் கம்பளித் தொப்பி. எப்போதோ ஒரு நாள் பெரிய கூட்டு விழுந்தபோது அந்தத் தொப்பி தலையில் இருந்ததாம். அன்றிலிருந்து கோடையிலும் கழற்றுவதில்லை. அவருக்கு அந்தப் பக்கம் ஒரு உயரமான சீனர். சீட்டு மாற்றும் பட்டனை அழுத்தும்போது திரையைப் பார்க்கவே மாட்டார். கூரையைப் பார்ப்பார். மூன்று எண்ணிவிட்டுத்தான் கண்ணைக் கீழே இறக்குவார்.

"நீங்க என்ன அண்ணே செய்வீங்க?"

அவர் இடது கைப் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"இதாலதான் அழுத்துவன். வலது கை சிலுவை போடுற கை. அதைச் சூதுக்கு விட ஏலாது."

வலது கையைப் பார்த்தேன். சமர்த்தாக மடியில் கிடந்தது. ஆறு வருடமாக அது அந்த மெஷினைத் தொட்டதில்லையாம். கடவுளை ஏமாற்றுகிறாரா, மரியாதை செய்கிறாரா? எனக்குத் தீர்மானிக்கத் தெரியவில்லை.

"அவங்க ரெண்டு பேரோட பேர் என்ன?"

"தெரியாது."

"ஆறு வருஷமா பக்கத்துல உட்கார்ந்திருக்கீங்க!"

"ஓம். பேர் கேக்கிறேல்லை. வெளியால ஆர், என்ன வேலை, எத்தினை பிள்ளையள்... ஒண்டும் கேக்கிறேல்லை. இங்க வாறதே அதுக்குத்தானே தங்கச்சி."

என்ன வறண்ட உலகம் இது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். நிஜமாகவே அப்படித்தான் எழுதினேன். பக்கத்துப் பக்கத்தில் ஆறு வருடம், பெயர்கூடத் தெரியாமல். பத்திக்கு நல்ல விஷயம் கிடைத்தது என்று சந்தோஷம் வேறு. மேலே மேலே கேள்வி கேட்டேன். அவரும் ஆடிக்கொண்டே பதில் சொன்னார்.

இரண்டு மணி இருக்கும். அவர் திரையில் ஹார்ட்ஸில் பத்து, ஜாக், ராணி, ராஜா வந்து நின்றன. ஐந்தாவது மட்டும் ஏதோ உதவாத சீட்டு. அதை மாற்றி ஹார்ட்ஸ் ஏஸ் வந்துவிட்டால் ராயல் – அந்த ஆட்டத்தின் உச்சம். ஆறு வருடத்தில் அவருக்கு ஒரு தடவையும் வந்ததில்லை என்று கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் சொல்லியிருந்தார்.

இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டேன். பாடம் படித்தாயிற்றே!

வைத்துக்கொள்ள வேண்டிய சீட்டுகளை அவர் ஒவ்வொன்றாக அழுத்தினார். பத்து. ஜாக். ராணி...

"என்ன ஆச்சு உனக்கு?"

ஊதாத் தொப்பி அம்மா. ஆங்கிலத்தில், உரக்க. அவருடைய ஆட்டமும் பாதியில் நின்றது. திரையில் மூன்று ஏஸ். அப்படிப்பட்ட ஆட்டத்தின் நடுவில் அவர் வாய் திறந்தார்.

அந்தோனிப்பிள்ளை திரும்பி, "ஒண்டுமில்லை," என்றார். தமிழில்.

"அவர் வலது கையால் அழுத்துகிறார்," என்றார் அந்த அம்மா என்னிடம். எழுந்துவிட்டார்.

அப்போதுதான் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு முன்பு அந்தக் கையைப் பற்றிக் கதை கேட்டவள் நான். இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். எனக்குத் தெரியவில்லை. அவர் நெற்றி முழுக்க வியர்வை. கண் எங்கோ இருந்தது.

"சாண்ட்விச்சைச் சாப்பிடவில்லை," என்றார் சீனர். அவர் குரலை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். "பன்னிரண்டரைக்கு டாய்லெட்டுக்குப் போய் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வருவார். ஒரு மணிக்கு சீஸ் சாண்ட்விச். இன்றைக்கு அப்படியே இருக்கிறது."

ஆமாம். பக்கத்துச் சின்ன மேசையில் சாண்ட்விச் பிரிக்காமல் கிடந்தது. ஏன் சாப்பிடவில்லை? நான் பேசிக்கொண்டே இருந்தேன். அவர் மரியாதைக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சீனர் ஓடினார். அந்த வயதில் அந்த உயரத்தில் ஒருவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ஆரஞ்சு ஜூஸோடு திரும்பி வருவதற்குள் அந்தோனிப்பிள்ளை நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். அந்த அம்மா முழங்காலில் உட்கார்ந்து அவர் தலையைத் தன் மடியில் தாங்கினார். "குடி, டார்லிங். கொஞ்சம். இன்னும் கொஞ்சம்." பாதி வாய்க்குள் போனது, பாதி சட்டையில் வழிந்தது. ஊழியர்கள் ஆம்புலன்சைக் கூப்பிட்டார்கள். நான் என்ன செய்தேன்? நோட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆம்புலன்ஸ் பெண் வந்து விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தார். மிகவும் இறங்கியிருந்தது. ஈறில் ஏதோ ஜெல்லைத் தேய்த்தார்.

"இவர் பெயர் என்ன?"

அந்த அம்மா சீனரைப் பார்த்தார். சீனர் அந்த அம்மாவைப் பார்த்தார்.

அவர் ஊசி போடும் நேரம் தெரியும். சாண்ட்விச்சில் என்ன இருக்கும் என்று தெரியும். எந்த விரலால் பட்டனை அழுத்துவார் என்று தெரியும். பெயர் தெரியாது.

நான் சொன்னேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

கால் மணி நேரத்தில் அவருக்கு நினைவு தெளிந்தது. ஜூஸ் போதும், ஜெல் போதும், இப்போது சாப்பாடு என்றார் ஆம்புலன்ஸ் பெண். தரையில் உட்கார்ந்தபடியே சாண்ட்விச்சைத் தின்றார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் நிலைமை வேறு என்று அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அண்ணே, மன்னிச்சிடுங்க. என்னாலதான்..."

"விடுங்கோ தங்கச்சி. சாப்பாட்டை மறந்தது நான்." பிறகு திடீரென்று, "வலது கையாலயே அழுத்தினனான்?"

"ஆமா அண்ணே."

"ஐயோ ஆண்டவரே," என்றார். உயிர் போய் வந்ததற்கு அப்படிக் கலங்கவில்லை மனிதர்.

திரையில் அந்தச் சீட்டுகள் அப்படியே இருந்தன. இத்தனை அமளியில் எவனாவது முழங்கையால் இடித்துவிடக் கூடாதே என்று சீனர் அந்த மெஷினுக்கு முன்னால் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு காவல் நின்றிருந்தார். அவரும் பட்டனைத் தொடவில்லை. அவருடைய மெஷினில் யார் உட்கார்ந்தார்கள் என்றுகூட அவர் பார்க்கவில்லை.

அந்தோனிப்பிள்ளையை இரண்டு பேராகத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தோம். ராஜாவையும் பிடித்து வைத்தார். ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டார். இடது கைப் பெருவிரலால் அழுத்தினார். சீனர் கூரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்!

கிளப்ஸ் நாலு வந்தது. ஒன்றுக்கும் உதவாத சீட்டு.

மூன்று தலைகள் மெல்ல ஆடின. பிறகு அந்த அம்மா தன் மெஷினுக்குப் போனார். மூன்று ஏஸும் அவருக்காகக் காத்திருந்தன. தொப்பியைச் சரி செய்துகொண்டு அழுத்தினார்.

என்ன வந்தது என்று கேட்கக் கூடாது. கேட்கவில்லை.

பஸ்ஸில் அவரை வீடு வரை கொண்டுபோய் விட்டேன். வழியில், "அவவுக்கு ஒரு நன்றி சொல்லேல்லை," என்றார்.

"நாளைக்குச் சொல்லுங்க."

"சொன்னால் அவ கோவிப்பா தங்கச்சி. நாளைக்குப் போய்ப் பக்கத்தில இருந்து சாண்ட்விச்சைச் சாப்பிடுவன். அவ பார்ப்பா. காணும்."

நான் சூதாட்டத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. அந்த மெஷின் ஜெயிப்பதற்காகவே செய்யப்பட்டது, அங்கே இருக்கிற எல்லோருக்கும் அது தெரியும். தொப்பியால் சீட்டு வராது, பெருவிரலாலும் வராது. ஆனால் அந்தோனிப்பிள்ளைக்கு மட்டும் புனிதமான ஒரு விஷயத்தை, அது எதற்கு என்றே தெரியாத ஒரு அம்மா ஆறு வருடம் கவனித்து மனசில் வைத்திருக்கிறாரே... அதற்கு என்ன பெயர்? அக்கறை என்று சொன்னால் அவர்கள் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் பிரமித்துப் போயிருக்கிறேன். இன்னும் அதிலிருந்து மீளவில்லை.

வீட்டுக்கு வந்து நோட்டுப் புத்தகத்தில் அந்த 'வறண்ட உலகம்' பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

இல்ஃபோர்டில் என் பக்கத்து வீட்டுக்காரர் பதினோரு வருடமாக இருக்கிறார். அவர் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். அது மட்டும்தான் தெரியும்.