காது வைத்து வாங்கிய லேப்டாப்

தஞ்சாவூரில் ஒரு கடையில் லேப்டாப்பின் மேல் காதை வைத்துக் கேட்டவன் நான். நாலு புத்தகம் படித்தவன் செய்கிற காரியமில்லை என்று அப்போதே தெரியும்.

வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இணையத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்க என் மனைவிக்கு லேப்டாப் தேவைப்பட்டது. திங்கட்கிழமை முதல் வகுப்பு. தேர்வை என்னிடம் விட்டுவிட்டு அவள் பக்கத்தில் நின்றாள்.

கடைக்காரர் ஒரே விலையில் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று கைமாறி வந்த பழையது. அதன் புராசஸரில் இரண்டு கோர், அதாவது உள்ளே வேலை பார்க்க இரண்டு பேர் மாதிரி; மின்சாரம் பதினைந்து வாட். அந்தக் காலத்தில் அதுவே குறைந்த மின்சாரமாம். மற்றது புதிது, மலிவு ரகம். நான்கு கோர், ஆறு வாட்.

"புதுசுதான் வேகம் சார். சூடாகாது, ஃபேன்கூடக் கிடையாது."

"அப்ப பழசு ஏன் அதே விலை?"

"அது பெரிய ரகம் சார்."

பெரிய ரகம் ஏன் மெதுவாக ஓடுகிறது, நான்கு பேர் எப்படி ஆறு வாட்டில் பிழைக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நீடாமங்கலத்தில் எங்கள் வயலுக்கே ஏழரை எச்.பி. மோட்டார் வேண்டியிருக்கிறது. அப்போதுதான் காதை வைத்தேன். புதியதில் சத்தமே இல்லை. எங்கள் பக்கம் சத்தம் போடாத மோட்டாரில் தண்ணீர் வராது. பழையது நன்றாக இரைந்தது. அதையே வாங்கினேன்.

திங்கட்கிழமை வகுப்பு தொடங்கிய சற்று நேரத்தில் குவைத்திலிருந்து ஒரு சிறுமி, "டீச்சர், பக்கத்துல மோட்டார் ஓடுது, நீங்க சொல்றது கேக்கல. ஜன்னலைச் சாத்துங்க" என்றாள்.

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஜன்னல் சாத்தித்தான் இருக்கு கண்ணு. அது எங்க வீட்டுக்காரர் காது வச்சுக் கேட்டு வாங்கினது."